டோரத்தி பொம்மையின் முக விரிசலுக்கு என்ன செய்யலாம்?

பொம்மை சேர்ப்பவர்களிடம் ஓர் உதவி. ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்து டோரத்தி பொம்மை ஒன்று கைக்கு வந்திருக்கிறது. நீல-வெள்ளைக் கட்டம் போட்ட கவுன், இரட்டைப் பின்னல், சிவப்பு ஷூ. 1900இல் வந்த கதையில் அவளுக்கு வெள்ளிக் காலணிதான்; 1939 படத்தில்தான் கலரில் எடுப்பாகத் தெரியட்டும் என்று சிவப்பாக்கினார்கள். ஆக, இது படத்தைப் பார்த்துச் செய்தது என்பதில் சந்தேகமில்லை. எந்தக் காலத்தது என்பதுதான் கேள்வி.

உடம்பு வினைல் இல்லை. மரத்தூளும் பசையும் கலந்து அச்சில் அழுத்திச் செய்த பழைய ரகம். கன்னத்தில் மேல்பூச்சு சிலந்தி வலை மாதிரி வெடித்திருக்கிறது, இடது கண்ணோரம் ஒரு செதில் எழும்பி நிற்கிறது. தண்ணீர் பட்டால் ஊறிவிடும் என்பதால் ஈரத்துணிகூட வைக்கவில்லை. அந்தச் செதிலை மட்டும் படியவைக்க நீங்கள் எதை வைத்து ஒட்டுவீர்கள்? புதுப் பெயிண்ட் அடிக்க மட்டும் சொல்லாதீர்கள், ப்ளீஸ். அசல் பூச்சு போனால் பொம்மையே போன மாதிரி.

அப்புறம், பின்கழுத்தில் எழுத்து தேய்ந்து கிடக்கிறது. படம் வந்த சமயத்தில் ஐடியல் என்ற பொம்மைக் கம்பெனி, டோரத்தியாக நடித்த ஜூடி கார்லண்டின் சாயலில் செய்த பொம்மை யாரிடமாவது இருந்தால், கழுத்து முத்திரையையும் கவுனின் உள்தையலையும் படமெடுத்துப் போடுங்கள். ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறேன். ஷூவின் சாயமும் பாதத்தில் ஏறியிருக்கிறது; கழற்றித் தனியாக வைத்துவிடலாமா?