அமெரிக்கக் குடிமக்கள் சென்னையிலிருந்து திரும்பும்போது எதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்?

நியூஜெர்சி_வாசி:
சென்னையிலிருந்து அபுதாபி வழியாக நியூயார்க். குடும்பத்தில் நாலு பேருமே அமெரிக்கக் குடிமக்கள். இமிகிரேஷனில் கேட்கிற எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியே ஆகணுமா? போனைத் திறக்கச் சொன்னால் மறுக்கலாமா? மொத்தம் 13,000 டாலர் ரொக்கம் இருக்கும். ஆளுக்குப் பிரித்து வைத்துக்கொண்டால் போதும்தானே?

எல்லைக்கோடு:
அமெரிக்க பாஸ்போர்ட்டைக் காட்டணும். ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) அங்கே வேலையில்லை. நீங்கள் யார், குடிமகன்தானா என்பது உறுதியாகிவிட்டால் நாட்டுக்குள் விட மறுக்க முடியாது. "ஊரில் யாரைப் பார்த்தீர்கள், என்ன வேலை" போன்றவற்றுக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் தனி அறைக்கு அனுப்பிப் பெட்டிகளைக் கொட்டிப் பார்ப்பார்கள். அபுதாபியில் விமானம் ஏறும் முன்பே அமெரிக்க அதிகாரிகளின் சோதனை முடிந்துவிடும் என்பதால், அங்கே தாமதமானால் விமானமே போய்விடும். இணைப்புக்குத் தாராளமாக நேரம் விடுங்கள்.

சுங்கக் கேள்விகள் வேறு வகை. பெட்டியில் என்ன, பணம் எவ்வளவு என்பதற்கு உண்மையைச் சொல்வது சட்டக் கடமை. வாயைத் திறக்காமல் இருப்பதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல. அதிகாரியிடம் பொய் சொன்னால் 5 ஆண்டு வரை சிறை.

பூட்டு_சாவி:
போனைப் பார்க்க வாரன்ட் தேவையில்லை என்பதே அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் நிலைப்பாடு. அந்தத் துறையின் 2018 ஜனவரி உத்தரவுப்படி, கையால் தள்ளிப் பார்ப்பதற்குச் சந்தேகம்கூட வேண்டாம். கருவியில் இணைத்துத் தகவலை நகலெடுக்கத்தான் நியாயமான சந்தேகமோ தேசப் பாதுகாப்புக் காரணமோ வேண்டும். கிளவுடில் இருப்பதைப் பார்க்கக் கூடாது. ஏர்பிளேன் மோடில் இருக்கிறதா என்று கவனியுங்கள். பாஸ்கோடு தர மறுத்தாலும் குடிமகனைத் திருப்பி அனுப்ப முடியாது, ஆனால் போனை வைத்துக்கொள்ளலாம். வழக்கமாக 5 நாள், நீட்டிக்கவும் செய்வார்கள். போனை வைத்துக்கொண்டதற்கான 6051டி ரசீது வாங்காமல் நகராதீர்கள். வரிசைக்கு முன்பே போனை அணைத்துவிட்டால் முகத்தையோ விரலையோ காட்டித் திறக்க முடியாது.

சுங்கச்சாவடி:
பிரித்து வைக்கவே வைக்காதீர்கள்! ஒரே வீட்டுக் குடும்பம் சேர்ந்து அறிவிக்கும்போது மொத்தத் தொகைதான் கணக்கு. 10,000 டாலரைத் தாண்டினால் ஃபின்சென் 105 என்ற பண அறிவிப்புப் படிவம் கட்டாயம்; ரூபாய் நோட்டும் டிராவலர்ஸ் செக்கும் இதில் சேரும். அமெரிக்காவுக்குள் பணம் கொண்டுவர வரி கிடையாது, உச்சவரம்பும் கிடையாது. படிவத்தைத் தவிர்க்கப் பிரிப்பதுதான் குற்றம், முழுப் பணத்தையும் பறிமுதல் செய்யலாம்.

பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும். தெரியாமல் எடுத்து வந்திருந்தாலும் சொல்லிவிட்டால் வாங்கிப் போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் மாட்டினால் அபராதம், குளோபல் என்ட்ரி (இமிகிரேஷனில் வேகமாகச் செல்வதற்கான முன் அனுமதி) இருந்தால் அதுவும் ரத்தாகலாம்.