நினைவுப் பூங்காவில் ஒரு கணக்கு இடிக்கிறது, உதவுங்கள்

ஜியோகேச்சிங்கில், அதாவது யாரோ ஒளித்துவைத்த சிறு பெட்டியை ஜிபிஎஸ் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டில், பழகியவர்கள் வழி சொல்லுங்கள். ஒஹாயோவில் எங்கள் ஊர்ப் படைவீரர் நினைவுப் பூங்காவில் நான்கு கட்டத் தேடல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நினைவுக்கல்லிலும் ஓர் எண்ணை எடுத்துச் சேர்த்தால், பெட்டி இருக்கும் இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கிடைக்கும். நானும் மகளும் மூன்று கட்டங்களை முடித்துவிட்டோம்.

கொரியப் போர்க் கல்லில்தான் சிக்கல். 'போர் முடிந்த ஆண்டின் கடைசி இலக்கம்' என்கிறது குறிப்பு. சண்டை நின்றது 1953 ஜூலை 27. கல்லிலோ 1950–1955 என்று செதுக்கியிருக்கிறார்கள். அதையும் தவறென்று சொல்ல முடியாது. படைவீரர் சலுகைகளுக்கு அமெரிக்க அரசு 1955 ஜனவரி 31 வரை போர்க்காலமாகவே கணக்கிடுகிறது. அந்த இலக்கம் அட்சரேகை நிமிடத்தில் நூறில் ஒரு பங்குக்கான இடத்தில் வருகிறது. இரண்டு கூடினால் 37 மீட்டர் வடக்கே தள்ளிவிடும். 3 போட்டால் குளத்துக்குள் காட்டுகிறது. 5 போட்டால் கொடிமரத்தடிப் பூப்பாத்தி.

கல்லின் மேல் யாரோ அஞ்சலியாகச் சில்லறைக் காசுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். மகள் ஒன்றைக்கூட நகர்த்தாமல் எழுத்துகளைத் தடவிப் படித்தாள். அப்படிப்பட்ட இடத்தில் பாத்தியைக் கிளற எனக்கு மனம் வரவில்லை. அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டிப் பெட்டியை வைக்கக் கூடாது என்பது விதி. அப்படியானால் எங்கே தேடுவது? முந்தைய எண்களில் பிழை இருக்குமோ? பெட்டி வைத்தவருக்கு எழுதினேன், பதில் இல்லை. சனிக்கிழமை மறுபடி போகிறோம். அதற்குள் சொன்னால் பேருதவி.