.22 ரிம்ஃபயரில் காலி அடி: சேம்பர் கெடுமா, கெடாதா?

கெடிலக்கரை:
கடலூர், பாண்டிப் பக்கம் .22 துப்பாக்கி பழகுகிற பிள்ளைகள் தோட்டா போடாமல் டிரிகரை அழுத்தி, அதாவது காலி அடி அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். பிரைமர் நடுவில் இருக்கும் சென்டர்ஃபயரில் பரவாயில்லை, ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் முள்) முன்னால் வந்து வெறும் ஓட்டையைத்தான் குத்தும். ரிம்ஃபயரில் பிரைமர் மருந்து (தட்டினால் தீப்பற்றுவது) கேஸின், அதாவது தோட்டாவின் பித்தளைக் கூட்டின், விளிம்புக்குள் இருக்கிறது. அதனால் பின் நடுவில் அடிக்காது, ஓரத்தில் அடிக்கும். கேஸ் இல்லாவிட்டால் அந்த ஓரத்துக்கு நேர் எதிரே பேரலின் எஃகு. ஒன்று பின் முனை மழுங்கும், இல்லை பேரலில் தோட்டா அமரும் அறையான சேம்பரின் வாயில் பள்ளம் விழும். .22-இல் காலி அடி கூடவே கூடாது, எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும்.

லாஸ்பேட்டைவாசி:
"எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும்" என்பதுதான் இடிக்கிறது அண்ணே. .22 எல்ஆர் (லாங் ரைபிள்) கேஸின் விளிம்புத் தடிமன் சுமார் 1.1 மி.மீ. சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் மூடியதும் போல்ட் முகத்துக்கும் பேரலுக்கும் நடுவே அந்த அளவு இடம் இருக்கும். பின் அதற்குள் நின்றுவிட்டால் பேரலைத் தொட வழியே இல்லை. ரூகர் 10/22 ரைபிளில் ஒரு குறுக்கு ஊசி பின்னைத் தடுத்து நிறுத்துகிறது. காலியாக அடிக்கலாம் என்று அதன் கையேடே சொல்கிறது. 25 மீட்டர் பிஸ்டல், 50 மீட்டர் ரைபிள் ஆட்டக்காரர்களுக்கு டிரிகர் பழக்கமே காலி அடியில்தான் வரும். அதை மொத்தமாகத் தடுத்தால் தோட்டாச் செலவுக்கு யார் பதில் சொல்வது?

கெடிலக்கரை:
கையேடு புதுத் துப்பாக்கிக்கு எழுதியது தம்பி. அதே ரூகரின் மார்க் வரிசைப் பிஸ்டலைப் பாருங்கள். கழற்றித் துடைத்து மாட்டும்போது ஃபயரிங் பின் ஸ்டாப் என்கிற சின்னக் கம்பியை விட்டுவிட்டாலும் பிஸ்டல் சுடும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. காலியாக அடித்தால்தான் வினை, பின் நேராகச் சேம்பர் விளிம்பில் இறங்கும். நசுங்கிய உலோகம் காணாமல் போவதில்லை, சேம்பருக்குள் பிதுங்கும். பிறகு கேஸ் உள்ளே போகாது, போனால் வெளியே வராது. பள்ளம் விழுந்த இடத்தில் விளிம்புக்குப் பின்பலம் இல்லாததால் மிஸ்ஃபயரும் (தட்டியும் வெடிக்காமல் போவது) ஆகும். பழியைத் தோட்டா மேல் போட்டுப் பெட்டி பெட்டியாக மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

வில்லியனூர் 22:
இரண்டு பேரும் சோதிக்கிற வழியைச் சொல்லவில்லையே. சேம்பர், மேகசின் இரண்டும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள், தோட்டாப் பெட்டி அடுத்த அறைக்குப் போகட்டும். சேம்பர் வாயின் விளிம்பில், பின் விழக்கூடிய இடத்தில், மார்க்கர் மை பூசிக் காயவிடுங்கள். ஒரே ஒரு காலி அடி. போல்ட்டை எடுத்து டார்ச் அடித்து லென்ஸில் பாருங்கள். மை கலையாமல் இருந்தால் பின் தொடவில்லை. மையில் ஒரு கோடு விழுந்திருந்தாலும் அந்தத் துப்பாக்கியில் காலி அடியை நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே பிசிறு இருக்கிறதா என்று அறியக் காது பட்ஸ் போதும். உள்ளிருந்து வெளியே இழுத்தால் பஞ்சு அந்த இடத்தில் மாட்டும்.

லாஸ்பேட்டைவாசி:
நானும் அதைத்தான் சொல்கிறேன், அந்தந்தத் துப்பாக்கியை அளந்துதான் முடிவு செய்யணும்.

கெடிலக்கரை:
இன்றைக்கு மை கலையாது. குறுக்கு ஊசியும் அதன் காடியும் தேய்ந்த பிறகு? பல கை மாறுகிற சங்கத் துப்பாக்கியில் யார் மாதாமாதம் மை பூசுவார்கள்?

உப்பனாறு:
பிளக் விஷயத்தையும் பேசிவிடுவோம். அமெரிக்க வீடியோக்களில் ஸ்னாப் கேப்புக்கு (காலி அடிக்கென்றே செய்த போலித் தோட்டா) பதிலாக மஞ்சள் சுவர் பிளக்கைச் சேம்பரில் போடுவார்கள். அதற்குத் தலையில் ஒரு வளையம் உண்டு, அதுதான் விளிம்பு வேலையைச் செய்கிறது. நம்மூர் ஹார்டுவேர் கடை ராவல் பிளக்கில் பெரும்பாலும் அந்த வளையம் இல்லை. கேஸின் விட்டம் 5.7 மி.மீ., எனவே 6 மி.மீ. பிளக் நுழையாது. 5 மி.மீ. பிளக் உள்ளே வழுக்கிப் போய்விடும், பின்னுக்கு ஒரு தடுப்பும் கிடைக்காது. சுத்தியலால் தட்டி நுழைக்கிற மகானுபாவர்களும் உண்டு. .22 அலுமினிய டம்மியும் லோடிங் பார்க்கத்தான், சில அடியிலேயே அதன் விளிம்பு குழிந்துவிடும்.

லாஸ்பேட்டைவாசி:
சுட்ட காலி கேஸ் போதுமே? இலவசம்.

கெடிலக்கரை:
போதும், சுழற்றினால் மட்டும். போல்ட் ரைபிளில் கைப்பிடியை லேசாகத் தூக்கி இறக்கிக் காக் செய்தால் (அடுத்த அடிக்குப் பின்னை இழுத்து நிறுத்தினால்) கேஸ் அதே இடத்தில் அசையாமல் கிடக்கும். பின் பழைய குழியிலேயே திரும்பத் திரும்ப விழும், அங்கே பித்தளை ஏற்கெனவே நசுங்கிவிட்டது. கேஸ் போட்டும் போடாத கதைதான். ஒவ்வொரு அடிக்கும் வெளியே எடுத்துத் திருப்பிப் போடணும், சுற்றிலும் குழியாகிவிட்டால் வேறு கேஸ். ரிவால்வர் என்றால் எல்லாச் சேம்பருக்கும்.

புது உறுப்பினர்:
ஏர் ரைபிளுக்கும் இதே விதியா சார்?

வில்லியனூர் 22:
ஸ்பிரிங் ஏர் ரைபிள் என்றால் பெல்லட் இல்லாமல் அடிக்கவே வேண்டாம். காற்றுக்குத் தடை இல்லாமல் பிஸ்டன் முன்சுவரில் மோதும், சீலும் ஸ்பிரிங்கும் போகும். அழுத்தக் காற்றை முன்பே நிரப்பிவைக்கும் பிசிபி வகைப் போட்டி ரைபிள்களில் பலவற்றுக்கு டிரை ஃபயர் (காலி அடி) வசதி தனியாகவே உண்டு.

உப்பனாறு:
கடலோரத்துக்காரர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்றுக்குப் பயந்து போல்ட்டுக்குள் கெட்டி எண்ணெயை ஊற்றாதீர்கள். அது பிசினாகிப் பின்னைப் பிடித்துக்கொள்ளும். பின் முன்னாலேயே நின்றுவிட்டால், லைவ் ரவுண்டு மேல் போல்ட்டை மூடும்போதே வெடிக்கலாம். காலி அடியால் விழும் பள்ளத்தைவிட இது ஆபத்து.

லாஸ்பேட்டைவாசி:
பள்ளம் விழுந்ததை அரத்தால் ராவிச் சரிசெய்யலாமா?

உப்பனாறு:
கூடாது. ராவினால் சேம்பர் வாய் அகலமாகும், சுடும்போது கேஸ் அங்கே உப்பும், கிழியவும் செய்யும். பிதுங்கிய உலோகத்தைப் பழைய இடத்துக்கே தள்ளுகிற சேம்பர் அயர்னிங் கருவி இருக்கிறது. அதையும் வீட்டில் செய்ய முடியாது, துப்பாக்கி பழுதுபார்க்க 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

கெடிலக்கரை:
சங்கத் துப்பாக்கிக்குக் காலி கேஸ் கட்டாயம் என்பதில் எனக்கு மாற்றமில்லை. சொந்தத் துப்பாக்கிக்காரர்கள் மை பூசிப் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும்.

லாஸ்பேட்டைவாசி:
கேஸைச் சுழற்ற மறக்கிற சங்கத்தில் உங்கள் கட்டாயம் என்ன காப்பாற்றும் அண்ணே? முதலில் ஃபயரிங் பின் எவ்வளவு நீட்டுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள்.

வில்லியனூர் 22:
அளக்கிறவர்கள் போல்ட்டைக் கழற்றி, ஸ்டிரைக்கரை (பின்னை முன்னே தள்ளும் பாகம்) இறக்கிவிட்டு, வெர்னியரின் ஆழக் கம்பியால் போல்ட் முகத்திலிருந்து பின் முனை வரை பாருங்கள். பழகிய கேஸ்களைப் பையில் போட்டபடி சென்னை ஏர்போர்ட்டுக்குப் போய்விடாதீர்கள், ஸ்கேனரில் காலி கேஸும் தோட்டாவாகத்தான் தெரியும்.