மாங்குளம் வீடு குறூப், ஞாயிறு இரவு

அக்கா: எல்லாரும் நித்திரையோ? ஒரு விசயம் கேக்கோணும். கிளிநொச்சிப் பெடியள் கொஞ்சப்பேர் குறும்படம் எடுக்கினமாம், எங்கட மூத்தவளை நடிக்கக் கேட்டு வந்தவை. பள்ளிக்கூட நாடகத்தில பாத்தவையாம். மூண்டு நாள் வேலைதான் எண்டினம். இவர் ஓம் எண்டுறார், எனக்கு வயித்தைக் கலக்குது

கனடா மாமா: விடு பிள்ளை, நல்ல விசயம்தானே. கமலஹாசன் உந்த வயசுக்கு முன்னமே களத்தூர் கண்ணம்மாவில நடிச்சு ஜனாதிபதியின்ர தங்கப் பதக்கம் வாங்கினவர். 1960 இல. இண்டைக்கும் அசையாமல் நிக்கிறார்

அம்மா: நீ கனடாவில இருந்துகொண்டு லேசாச் சொல்லுவாய். அவளுக்கு இந்த வருசம் அஞ்சாம் வகுப்பு ஸ்கொலசிப் சோதினை

பெரியம்மா: கமல் ஒராள்தானே தம்பி. ஸ்ரீதேவியையும் யோசி. 1969 இல துணைவன் படத்தில குட்டி முருகனா வந்த பிள்ளை, என்ன வடிவு. பிறகு 1976 இல மூன்று முடிச்சு. அதில ரஜினியின்ர தேப்பனைக் கலியாணம் கட்டி ரஜினிக்கே சித்தியா வரும், அப்ப அந்தப் பிள்ளைக்கு 13 வயசு. பதின்மூண்டு!! நான் அந்த வயசில கொய்யா மரத்தால இறங்கினதே இல்லை

கனடா மாமா: அது அந்தக் காலம் அக்கா

பெரியம்மா: எந்தக் காலமெண்டாலும் 13, 13 தான்

தம்பி பாரிஸ்: எங்கட மாங்குளம் பிள்ளையை எல்லாரும் மறந்திட்டியளே

அக்கா: ஆர்?

தம்பி பாரிஸ்: அமுதா. கன்னத்தில் முத்தமிட்டால்

நான்: ஐயோ அதை எப்பிடி மறக்கிறது. படம் 2002 பெப்ரவரியில வந்தது, அந்த மாசம்தான் யுத்தநிறுத்த ஒப்பந்தமும் கைச்சாத்தானது, பிறகு பாதை திறந்து ஆரோ வவுனியாவால சிடி கொண்டு வந்து அங்கால வளவில ஜெனரேட்டர் வச்சுப் போட்டவை, எண்ணெய்க்கு வீட்டுக்கு வீடு காசு சேத்தது ஞாபகமோ, பெத்த தாய் மாங்குளத்தில எண்டு படத்தில சொல்லேக்க இருந்த சனமெல்லாம் கத்திச்சுது, எங்கட ஊர்ப்பேரை மணிரத்னம் படத்தில கேட்டால் சும்மாவே, பிறகு கடைசியில அந்தப் பிள்ளை தாயிட்டக் கேள்வி கேக்கேக்க ஒரு சத்தமுமில்லை, ஜெனரேட்டர் சத்தம் மட்டும்

அம்மா: அண்டைக்கு அழாத ஆள் இல்லை. படத்தை மாங்குளத்தில எடுக்கேல்ல எண்டு தெரிஞ்சும் அழுதனாங்கள்

மச்சாள்: நான் கனகாலம் அந்தப் பிள்ளை இஞ்சத்தைப் பிள்ளை எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தனான் ஹாஹா

நான்: இல்லையடி, அது கீர்த்தனா. பார்த்திபன் சீதா ரெண்டுபேரின்ரயும் மகள், சென்னை. அந்தப் படத்துக்கு ஆறு தேசிய விருது, அதில ஒண்டு குழந்தை நட்சத்திரம் எண்டு கீர்த்தனாவுக்கு. அந்த வருசம் மக்டீ எண்ட ஹிந்திப் படத்தில நடிச்ச ஸ்வேதா பாசு பிரசாத்தோட சேத்துக் குடுத்தவை. இன்னொண்டு எடிட்டிங்குக்கு, ஸ்ரீகர் பிரசாத். இப்ப கேளுங்கோ கதையை, 2018 இல கீர்த்தனா கட்டினது அந்த எடிட்டரின்ர மகனைத்தான்

பெரியம்மா: அப்ப பிள்ளையின்ர காட்சியை வெட்டி ஒட்டினவரே மாமனார்

கனடா மாமா: 😂 கலியாண அல்பத்தையும் அவரே வெட்டியிருப்பார்

அக்கா: பிறகு என்ன படம் நடிச்சது?

நான்: பெரிசாகி கதாநாயகியா வரவே இல்லை. மணிரத்னத்திட்டயே உதவி இயக்குநரா வேலை செய்தது. கமராவுக்கு முன்னால நிண்ட பிள்ளை பின்னால போயிட்டுது

தம்பி பாரிஸ்: கெட்டிக்காரி. விருதோட நிப்பாட்டினது

அக்கா: நிப்பாட்ட விட்ட வீடு எண்டு சொல்லு. தாய் தேப்பன் ரெண்டு பேரும் சினிமாக்காரர், அவைக்குப் பிள்ளையின்ர உழைப்புத் தேவையில்லை. எல்லாப் பிள்ளைக்கும் அப்பிடி வாய்க்குமே

மச்சாள்: ஷாமிலியும் இருக்குதல்லோ. அஞ்சலி 1990, அந்தப் பிள்ளைக்கு மூண்டு வயசுதான் வரும், அதுக்கும் தேசிய விருது. பிறகு 2009 இல தெலுங்கில கதாநாயகி, 2016 இல வீர சிவாஜி, இப்ப ஓவியம் கீறுது, கண்காட்சியும் வைக்குது. எண்டாலும் சனம் இன்னும் அஞ்சலிப் பாப்பா எண்டுதானே சொல்லுது. தமக்கை ஷாலினியும் குழந்தையில இருந்து நடிச்சு, காதலுக்கு மரியாதையில கதாநாயகியா வந்து, 2000 இல அஜித்தைக் கட்டினதோட விட்டிட்டுது

கனடா மாமா: மூண்டு நாள் குறும்படத்துக்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி. ஒஸ்கார் வரப்போகுதே

அம்மா: கதை என்னவாம், அதை ஒருதரும் கேக்கேல்ல

அக்கா: 2009 கதையாம். தாயைத் தவறவிட்ட பிள்ளை, முகாமில தேடித் தேடி அழுறது. சத்தமா அழுற கட்டம்தான் முக்கியமாம், நல்லா அழுவாளோ எண்டு என்னட்டக் கேட்டவை

அம்மா: அவள் பிறக்க முந்தின அழுகை அது. அதை ஏன் பிள்ளையின்ர தலையில வைக்கிறியள்

அம்மா: நாங்கள் அழுதது காணும்

கனடா மாமா: சரி தங்கச்சி

நான்: அக்கா எடுக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்ல, அந்தப் பெடியளும் பாவம், எங்கட கதையை நாங்கள்தானே எடுக்கோணும். ஆனா முதல் முழுக் கதையையும் எழுத்தில வாங்கி வாசி. சோதினை முடியட்டும். படப்பிடிப்புக்கு நீ கூடப் போ, அவளை அழ வைக்க ஆரும் வெருட்டினால் அந்த இடத்திலயே கூட்டிக்கொண்டு வா

தம்பி பாரிஸ்: சாப்பாடு, போக்குவரத்து ஆர் எண்டும் கேளுங்கோ. மாங்குளத்தால கிளிநொச்சிக்கு மூண்டு நாளும் பஸ்ஸில ஏத்தி இறக்கினால் நடிக்க முன்னமே பிள்ளை படுத்திடும்

பெரியம்மா: அவளிட்டக் கேட்டதோ ஆரும்?

அக்கா: சித்தி, இது நான், மூத்தவள். அம்மா குசினிக்க நிக்கிறா. நான் எல்லாம் வாசிச்சிட்டன். எனக்கு அழ ஏலாது சிரிப்பு வந்திடும். ஓடுற கட்டம் இருந்தா நான் வாறன் எண்டு அந்த அண்ணாக்களிட்டச் சொல்லுங்கோ, நான் 100 மீற்றரில ரெண்டாவது

அக்கா: அந்தப் படத்தையும் அனுப்புங்கோ மாங்குளப் படம்

பெரியம்மா: ஹாஹாஹா என்ர குஞ்சு

அக்கா: போனைப் பறிச்சாச்சு. பழைய சோதினைப் பேப்பரில பாதி இன்னும் செய்யாமல் கிடக்கு, நான் நாளைக்கு எடுக்கிறன்