சூளைக்குள் ஓடு அடுக்கும் சாமான்களுக்கு ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மண்பொருள் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ‘கில்ன் ஃபர்னிச்சர்’ என்ற இடத்தில் இரண்டு நாளாக நிற்கிறேன். சூளைக்குள் ஓடுகளை வைக்கும் தட்டு, தட்டைத் தாங்கும் குட்டைத் தூண், ஓட்டைக் கூர்முனைகளில் மட்டும் ஏந்தும் மூன்றுகால் கட்டை, எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் அது. ‘சூளை அறைகலன்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை.

———

> சூளை அறைகலன்

கட்டிலும் மேசையும் சூளைக்குள் எதற்கு, தம்பி? சூளைக்கலன் என்று சுருக்கினால் இன்னும் மோசம். கலம் என்பதே பாண்டம். புறநானூறு 228 குயவரைக் ‘கலஞ்செய் கோவே’ என்றுதானே கூப்பிடுகிறது? சுடப்படுவதற்கும் அதைத் தாங்குவதற்கும் ஒரே பெயராகிவிடும்.

அதே பாட்டில் விடையும் இருக்கிறது. ‘அகலிரு விசும்பின் ஊன்றும் சூளை’. ஊன்றும் சூளையும் பக்கத்தில் பக்கத்தில். ஐயூர் முடவனார் நமக்கென்றே வைத்துவிட்டுப் போனதுபோல. ‘சூளையூன்று’ என்று வையுங்கள். கட்டு, வெட்டு போல ஊன்று முதனிலைத் தொழிற்பெயர். தட்டுக்கு ‘மணை’.

———

ஐயா, அந்தப் பாட்டில் ஊன்றுவது புகை. ஓடு அல்ல. புகையை நம்பித் தட்டை வைக்க முடியாது.

சுமைதாங்கி, இடிதாங்கி எல்லோருக்கும் தெரியும். சூளைத்தாங்கி போதுமே.

———

சுமைதாங்கி சுமையைத் தாங்கும். அந்தக் கணக்கில் உங்கள் சொல் சூளையைத் தாங்கும் கல்லாகிவிடும்.

———

ஆகாது. ஒற்று மிகாமல் ‘சூளைதாங்கி’ என்றால்தான் இரண்டாம் வேற்றுமைத் தொகை. ‘சூளைத்தாங்கி’ என்று ஒற்று மிகுந்தால் சூளையில் உள்ள தாங்கி. ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்கது. ஒரு த் இவ்வளவு வேலை செய்கிறது.

———

சூடான சூளை வாசலில் நிற்கிற பிள்ளை ஒற்றைக் கவனித்துக்கொண்டா இருக்கும்? நான் பல வருடமாகச் சூளை அடுக்குகிறேன். எங்கள் வாயில் வருவது ‘தட்டு’, ‘முட்டு’. முட்டுக் கொடு என்றால் விளக்கம் தேவையில்லை. தட்டுக்கு மூன்று முட்டு. நான்கு வைத்தால் ஒன்று குட்டையாகித் தட்டு ஆடும். மேல்தட்டின் முட்டு கீழ்த்தட்டின் முட்டுக்கு நேர் மேலே நிற்கவேண்டும். விலகினால் சுமை தட்டில் இறங்கும், கொதிசூட்டில் தட்டு தொய்யும்.

ஆனால் நீங்கள் சண்டை போடவேண்டிய சொல் வேறு. ‘அடுக்கு’. முதல் சூட்டில் ஓட்டின்மேல் கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சு கிடையாது, ஒன்றின்மேல் ஒன்று வைக்கலாம். இரண்டாம் சூட்டில் கிளேஸ் உருகிக் கண்ணாடியாகிறது, தொட்டதெல்லாம் ஒட்டும். அதற்காகத்தான் தட்டுக்கே அலுமினாவும் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணும் கரைத்துப் பூசுகிறோம். நான் பாடம் எடுத்த இடத்தில் இருந்த பழைய கையேடு இரண்டு இடத்திலும் ‘ஓடுகளை அடுக்கவும்’ என்றது. பிள்ளைகள் படித்தபடியே செய்தார்கள். மறுநாள் திறந்தால் ஓடுகள் இல்லை, ஒரே கட்டி. உளிக்கும் அசையவில்லை.

முதல் சூட்டுக்குத் ‘தொட்டடுக்கு’, இரண்டாவதற்கு ‘விட்டடுக்கு’ என்று போடுங்கள். பொதுப்பெயர் எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

———

அம்மா சொன்னது அருமை. ஆனால் அடுக்கின் வேர் அடு. அடுத்தல் நெருங்குதல்; அடுத்தது, அடுக்கு. அடுதல் சமைத்தல்; அடுப்பு, அடுக்களை. சூட்டுக்காக நெருக்கி வைப்பதே அடுக்கு என்று இரண்டு வேரும் இங்கே கைகோக்கின்றன. நெருக்குவதை எப்படி ‘விட்டு’ நெருக்குவது?

———

அடுதலுக்குக் கொல்லுதல் என்றும் பொருள் உண்டு, ஐயா. அந்த ஓடுகளுக்கு அதுதான் நடந்தது. மலையடுக்கம் பக்கம் போவதற்குள் திரும்பிவிடலாமா?

———

நண்பர்களே, இன்று வியாழன். தட்டு, முட்டு, தொட்டடுக்கு, விட்டடுக்கு நான்கையும் எடுத்துக்கொண்டேன். மூன்றுகால் கட்டைக்கு முக்காலி. (அறைகலன் வேண்டாம் என்றீர்கள்; கடைசியில் ஒன்று உள்ளே வந்துவிட்டது.) பொதுப்பெயர் சூளைத்தாங்கி. ஆதரித்தவர் மூவர், எதிர்த்தவர் ஒருவர், மற்றவர்கள் தூங்கப் போய்விட்டார்கள். மெய்ப்பு இணைத்திருக்கிறேன்.

———

அந்த ஒருவர் நான்தான். முட்டு என்றால் தடை. முட்டுக்கட்டை போடுகிறவன் என்று யாரைச் சொல்கிறோம்? என் படியில் ஊன்று என்றே மையால் திருத்திக்கொள்வேன். பதிந்துகொள்ளவும்.

———

மெய்ப்பு பார்த்தேன். தலைப்பிலேயே ‘சூளைதாங்கி’ என்று இருக்கிறது. த் விழுந்துவிட்டது.