பெங்களூர்ல அமேசானை விட்டுட்டு எங்க வாங்குறீங்க?

அல்சூர்வாசி:
இந்த மாசத்தோட அமேசான் ப்ரைம் சந்தா முடியுது, இனிமே புதுப்பிக்க வேணாம்னு வீட்ல பேசி முடிவு பண்ணிட்டோம். எல்லா வியாபாரமும் ஒரே கம்பெனி கைக்குப் போறது சரியாப் படல, தெருக்கடைங்க ஒவ்வொண்ணா ஷட்டர் இறக்குறதப் பாத்தா மனசு கேக்க மாட்டேங்குது. மளிகை பிரச்சனை இல்ல. புக்ஸ், கம்ப்யூட்டர் சாமான்லாம் எங்க வாங்குறது?

புத்தகப்பிரியை:
சர்ச் ஸ்ட்ரீட் போங்க, ப்ளாசம், புக்வார்ம் ரெண்டுமே அங்கதான், பழைய புக்ஸும் கிடைக்கும். பசங்க பாடப்புத்தகம்னா அவென்யூ ரோடு.

வயர்மேன்:
ரேம், எஸ்எஸ்டி, கேபிள் எல்லாத்துக்கும் எஸ்.பி. ரோடுதாங்க. ஞாயித்துக்கிழமை முக்காவாசி கடை லீவு, அதனால சனிக்கிழமையே போயிடுங்க, ரெண்டு மூணு கடைல விலை கேட்டுட்டு வாங்குங்க, ஆனா ஜிஎஸ்டி பில் வாங்காம மட்டும் வராதீங்க, பில் கைல இருந்தா வாரண்டிக்கு நேரா கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போயிக்கலாம்.

ஜெயநகர் அக்கா:
எங்கம்மாவுக்கு முட்டி வலி, கடை கடையா ஏற முடியாது. அவங்கள ஆன்லைன விடுங்கன்னு நான் சொல்லவே மாட்டேன்.

மல்லேஸ்வரம் தம்பி:
அக்கா, அவங்களுக்கு ஓஎன்டிசி பாருங்க, அரசு ஆதரவுல வந்த ஆன்லைன் வியாபார நெட்வொர்க் அது. 2022 செப்டம்பர் கடைசில நம்ம ஊர்லதான் பொதுமக்களுக்கு சோதனையா தொறந்தாங்க, ஒரு ஆப்ல இருந்தே வேற ஆப்ல இருக்கற கடைலயும் வாங்கலாம். ரிட்டர்ன் விதி மட்டும் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி படிச்சிருங்க.

அல்சூர்வாசி:
நன்றிங்க எல்லாருக்கும். சனிக்கிழமை எஸ்.பி. ரோடு, அப்படியே அவென்யூ ரோடும் பாத்துட்டு வரோம்.