கலாமுக்குக் கொண்டுபோன பொன்னாடை

"ஐயா, நீங்க எத்தனையோ பெரிய ஆளுங்களைப் பார்த்திருப்பீங்களே?" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குள் லேசாக உதறும். பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஐந்து நிமிடம் தேறாது. அதைப் பிரசங்கத்தில் சொல்லிச் சொல்லி ஐம்பது நிமிடமாக்கியது நான்தான்.

முதலில் அப்துல் கலாம். ஜனாதிபதி பதவிக்காலம் முடிந்த பிறகு ஒரு பள்ளி விழாவுக்கு வந்திருந்தார். அந்த ஊர் சபைக்கு நான் ஆயர் என்பதால் வரவேற்பு வரிசையில் எனக்கும் ஓர் இடம். அவர் படித்த ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளி எங்கள் சபை மரபில் வந்தது. அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்த ஐயாத்துரை சாலமனைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். அந்த உரிமையில் ஒரு கேள்வியை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கேரளத்துத் தும்பாவில் ராக்கெட் தளம் அமைக்கக் கடற்கரை தேவாலயத்தையும் பிஷப் வீட்டையும் விட்டுக்கொடுத்தார்களே, 1963 நவம்பரில் முதல் ராக்கெட் கிளம்பியதே, ஜெபம் செய்கிற இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தபோது எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். இரண்டு நாள் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். என் மனைவி சாட்சி; சபையில் ஆயரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் கூப்பிடுவார்கள்.

அவர் வந்தார். எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். அதற்குள் பின்னால் நின்ற ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கத்தினார்கள். அவ்வளவுதான், நேரே அங்கே போய்விட்டார். பெரியவர்கள் வரிசை அப்படியே நின்றது. என் கையில் பொன்னாடை. வேர்வையில் ஜரிகை விரலில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் அதைத் தலைமையாசிரியருக்குப் போர்த்திவிட்டு வந்தேன். மனிதர் ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

நடந்தது இதுதான். ஆனால் 2015-இல் அவர் இறந்த பிறகு ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில், நான் அந்தக் கேள்வியைக் கேட்டதாகவும், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னதாகவும் பேசிவிட்டேன். பதிலையும் நானே அழகாகச் செய்து வைத்திருந்தேன். கூட்டத்தில் கண்ணைத் துடைத்தவர்கள் உண்டு. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது, ரசத்தை ஊற்றிக்கொண்டே வீட்டம்மா கேட்டாள்: "ஏங்க, கலாம் ஐயா உங்ககிட்ட எப்போ பேசினார்?" அன்றைக்கு எனக்கு இரண்டாம் சோறு இறங்கவில்லை. அதன் பிறகு அந்தக் கதையை மேடையில் சொன்னதில்லை.

போப் இரண்டாம் யோவான் பவுலைப் பார்த்தது இன்னும் குறைந்த நேரம். 1986 பிப்ரவரி 5, அவர் மெட்ராஸ் வந்த நாள். சாந்தோமுக்கும் பரங்கிமலைக்கும் போனார். பரங்கிமலைப் பக்கம் ரோட்டோரம் நானும் நின்றேன், நான்கு வயது மகள் தோளில். போப் கத்தோலிக்கர்களின் தலைவர், நானோ சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபைக்காரன். "சி.எஸ்.ஐ. ஐயருக்கு அங்கே என்ன வேலை?" என்று சபை மூப்பர் ஒருவர் முணுமுணுத்தது காதில் விழுந்துதான் இருந்தது. அந்த மலையோடு சேர்த்துச் சொல்லப்படுகிற இயேசுவின் சீடர் தோமா எல்லோருக்கும் பொதுதானே! வெள்ளை அங்கி, ஒரு கையசைப்பு, வண்டி போய்விட்டது. மகள் தூங்கிவிட்டிருந்தாள். அவளுடைய ஒற்றைச் செருப்பையும் கூட்டத்தில் தொலைத்தேன். வீட்டில் செருப்பைப் பற்றித்தான் விசாரணை நடந்தது. போப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

உண்மையில் ஒரு பெரியவர் என்னைத் தொட்டது ஒரே ஒரு முறை. அதைத்தான் நான் பிரசங்கத்தில் சொன்னதே இல்லை. 1970, எனக்குப் பதினாறு வயது. பேராயர் தலையில் கை வைத்து ஜெபித்து, பிள்ளைகளை விசுவாசத்தில் உறுதிப்படுத்துகிற திடப்படுத்தல் ஆராதனை. அதற்கு வந்தவர் பேராயர் லெஸ்லி நியூபிகின். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, 37 வயதில் மதுரை-ராமநாதபுரத்துக்குப் பேராயரானவர். அப்போது சென்னைப் பேராயராக இருந்தார். காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்து பழகிய தமிழ். தாளைப் பார்க்காமல் பேசினார். எனக்கோ செய்தியில் ஒரு வார்த்தை ஏறவில்லை. காரணம், என் தலை. பெரிய நாள் என்று அம்மா அரைக் கிண்ணம் தேங்காயெண்ணெயை வைத்து அழுத்தி வாரிவிட்டிருந்தாள். அது நெற்றியில் இறங்கிக்கொண்டிருந்தது.

முழங்காலில் நின்றேன். இரண்டு கையும் தலைமேல் வந்தது. நல்ல கனமான கை. ஜெபம் முடிந்து கையை எடுத்தவர் ஒரு நொடி உள்ளங்கையைப் பார்த்தார். அங்கிக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்து, விரல் விரலாக, நிதானமாகத் துடைத்தார். முகத்தில் சலிப்பு இல்லை, சிரிப்பும் இல்லை. அப்புறம் எனக்கு அடுத்து நின்ற பையனிடம் போனார். அவன் தலையிலும் எண்ணெய்தான்.

1974-இல் அவர் ஓய்வு பெற்று மனைவியோடு ஊருக்குத் திரும்பினார். இரண்டு பெட்டி, ஒரு முதுகுப்பை, மெட்ராஸிலிருந்து இங்கிலாந்து வரைக்கும் பஸ்ஸிலேயே! இங்கே வந்த புதிதில் ஒரு பஸ் விபத்தில்தான் அவருக்குக் கால் உடைந்தது. அப்படியும் பஸ். இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு அந்தக் கைக்குட்டைதான் ஞாபகம் வந்தது.

நான் ஆயரான பிறகு எந்தச் சபைக்குப் போனாலும், திடப்படுத்தலுக்கு முந்தின வகுப்பில் பிள்ளைகளிடம் கடைசியாக ஒன்று சொல்வேன்: நாளைக்கு யாரும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வராதீர்கள். முப்பது வருடம் சொன்னேன். ஒரு தாய்கூடக் கேட்டதில்லை. அதனால் பேராயர் பக்கத்தில் நிற்கும்போது என் அங்கிப் பையில் இரண்டு கைக்குட்டை இருக்கும்.